ஒரு மணி அரசாங்க அரிசி

ஜூலை 2, புதன்

இன்றைய தபாலில் அரசாங்கம் எங்கள் அடுப்பை அணைக்கச் சொல்லி மிகவும் மரியாதையாக எழுதியிருக்கிறது. எங்கள் ஊரில் உள்ள உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் வருகிறதாம். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து அரிசியும் அவர்களே, ஆளும் அவர்களே, சமையலும் அவர்களே. பள்ளி நிர்வாகம் செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் செயலாளர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். செயலாளர் நான்தான். ஆ. தனுஷ்கோடி, மல்லி வத்தல் மொத்த வியாபாரம், வயது அறுபத்தாறு. கையெழுத்துப் போட மாட்டேன்.

வங்கியில் வருஷா வருஷம் கொடுக்கும் இந்த டைரியில் வத்தல் விலையைத் தவிர நான் எதுவும் எழுதியதில்லை. இன்று முதல் இதையும் எழுதுகிறேன். நாளைக்கு எவனாவது வந்து, அவர்களாகவே மனமுவந்து கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடக் கூடாது. அதனால் விவரம் தெரியாதவனுக்கும் புரியும்படி எழுதி வைக்கிறேன்.

எங்கள் உறவின்முறை என்பது பேட்டை வியாபாரிகளின் சபை. மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு கடையும் மகமை எடுத்து வைக்கும். எண்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மகமையில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். அதிலேயே ஒரு கஞ்சிக்கூடமும் கட்டினார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் தினமும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பிடியரிசியில் கஞ்சி காய்ச்சி ஊற்றினோம். எந்த மந்திரி வாசலிலும் போய் நிற்கவில்லை. எந்தச் சுவரிலும் யார் படமும் ஒட்டவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகப் போனது. எனக்கு இரண்டு பேருக்கு முன்னால் இருந்த செயலாளர் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கத்திடம் விட்டார். யாரை ஆசிரியராகப் போடுவது என்ற உரிமையும் சம்பளத்தோடு சேர்ந்து போனது. அடுத்தவர் மதியச் சோற்றை விட்டார். மிச்சம் இருப்பது காலைக் கஞ்சி ஒன்றுதான். என் காலத்தில் அது போகாது.

ஜூலை 3, வியாழன்

வத்தல் வரத்துக் குறைவு. கோபம் குறையவில்லை.

ஜூலை 5, சனி

கமிட்டி கூடியது. மொத்தம் பதினொரு பேர். கடிதத்தை வாசித்து முடித்ததும் பாலகுருசாமி எழுந்தான். இரும்புக் கடை வைத்திருக்கிறான், நாற்பத்தைந்து வயது, நன்றாகப் பேசுவான். பேசட்டும். பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பொங்கல், கிச்சடி, சேமியா என்று தினம் ஒரு வகை கிடைக்கிறதாம். நாம் எண்பத்தெட்டு வருஷமாகக் கஞ்சியையே ஊற்றிக் கொண்டிருக்கிறோமாம். நாம் கட்டிய வரிதானே திரும்பி வருகிறது, வாங்கிக்கொண்டால் என்ன என்றான். டீச்சர் சம்பளத்தை வாங்கும்போது போகாத மானம் உப்புமா வாங்கும்போது மட்டும் போய்விடுமா என்றும் கேட்டான்.

சம்பளம் வேறு, சோறு வேறு என்றேன். எப்படி வேறு என்று கேட்டான். வேறுதான் என்றேன். சிலருக்கு எதையும் விளக்கிச் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றை விளக்கமாகவே சொன்னேன். அரசாங்கம் ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் அந்த வேலையை அதுவரை செய்துகொண்டிருந்த மனிதர்களைச் சும்மா உட்கார வைத்துவிடுகிறது. இன்று பக்கத்து வீட்டுப் பிள்ளை பசித்திருந்தால் அது நம் கவலை. நாளைக்கு அது ஒரு இலாகாவின் கவலை. நாம் பேப்பரில் படித்து உச்சுக் கொட்டுவதோடு சரி. எண்ணெய் மில் அமிர்தலிங்கம் அண்ணாச்சி மேஜையைத் தட்டி ஆமோதித்தார். ஓட்டெடுப்பு இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. என்னையும் சேர்த்து ஏழு பேர் என் பக்கம்.

ஜூலை 6, ஞாயிறு

பிடியரிசி நாள். காலை ஏழு மணிக்குச் சபை ஆள் சங்கரபாண்டி தட்டுவண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினான். முந்நூற்று நாற்பது வீடுகள். முன்பு எங்கள் ஆட்கள் வீடு மட்டும்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் இருக்கும் லைன் வீட்டுப் பெண்கள், எங்கள் பிள்ளைகளும்தானே இங்கே குடிக்கிறார்கள், நாங்களும் போடுகிறோம் என்று கேட்டார்கள். எல்லாம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் குடும்பங்கள். நான்தான் சபையில் பேசி அவர்களையும் சேர்த்தேன். எவன் வேண்டுமானாலும் வாங்குவான், கொடுக்கிறேன் என்று வருகிறவனைத் தடுக்கக் கூடாது என்று அன்று பேசினேன். நல்ல பேச்சு.

ஆறு மூட்டை வந்தது. என் மனைவி சொர்ணத்தாயும் வேறு இரண்டு பெண்களும் எங்கள் பின்கட்டில் உட்கார்ந்து புடைத்துக் கல் பொறுக்கினார்கள். அது பெண்கள் வேலை, அந்தப் பக்கம் நான் போவதில்லை. அரசாங்க அதிகாரி எவனாவது இப்படி ஒரு கூட்டத்தைச் சம்பளமில்லாமல் கூட்டிக் காட்டட்டும்.

ஜூலை 7, திங்கள்

வழக்கம்போல முதல் தம்ளர் கஞ்சி நான் குடித்துப் பார்த்தேன். வெந்தயமும் பூண்டும் அளவாக இருந்தன. அரிசி வாயில் கரைகிறது. இந்த அரிசிக்கு ஒரு தனி ருசி உண்டு, மனசாரக் கொடுத்த அரிசி என்று தலைமையாசிரியை ஜெயசீலியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். பிள்ளைகள் துவையலை மட்டும் தின்றுவிட்டுக் கஞ்சியை மீதம் வைக்கிறார்கள் என்றும் சொன்னார். அதட்டிக் குடிக்க வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

வீட்டில் இருபத்தாறு கிலோ அரிசிச் சிப்பம் மறுபடி தீர்ந்துவிட்டது. வீட்டில் இரண்டே பேர். மகன் குடும்பத்தோடு சென்னையில் இருக்கிறான். மூன்று வாரத்தில் ஒரு சிப்பம் எங்கே போகிறது என்று சொர்ணத்தாயிடம் கேட்டேன்.

"கோழிக்குப் போட்டேன்" என்றாள்.

நாங்கள் கோழி வளர்க்கவில்லை. மத்தியானம் லாரி வந்துவிட்டதால் மேற்கொண்டு கேட்க நேரமில்லை.

ஜூலை 11, வெள்ளி

கல்வி அதிகாரி அம்மா நேரில் வந்தார். சின்ன வயசு, படித்த களை, ஐயா ஐயா என்றுதான் பேசினார். சண்டை போடுகிறவராக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கஞ்சிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தார். சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்றார். திட்டத்தில் பிள்ளைகளுக்குக் காய்கறியும் பருப்பும் கணக்காகக் கிடைக்கும், எடை கூடியிருக்கிறது என்று ஒரு பட்டியலைக் காட்டினார்.

எடை கூடட்டும் அம்மா, சந்தோஷம் என்றேன். ஆனால் அடுத்த வருஷம் மேலே இருக்கிறவர் மாறினால் பட்டியலும் மாறும். பிள்ளைக்குப் பசிக்கிறது என்று உங்கள் கோப்புக்குத் தெரிய ஆறு மாதம் ஆகும். எங்கள் ஜெயசீலி டீச்சருக்குக் காலை ஒன்பது மணிக்கே தெரிந்துவிடும். இதுதான் வித்தியாசம் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "இத்தனை பேர் அரிசி போடறாங்களே, அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டீங்களா ஐயா?" என்றார்.

கேட்பதற்கு என்ன இருக்கிறது. எண்பத்தெட்டு வருஷமாகப் போடுகிறார்கள், அதுவே பதில் என்றேன். ஆனாலும் அந்தக் கேள்வி ஜீப் போன பிறகும் காதில் இருந்தது. படித்தவர்கள் இப்படித்தான், ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஜூலை 14, திங்கள்

ஓட்டுக்கு முன்னால் ஊரைத் தட்டி எழுப்ப வேண்டும். நோட்டீஸ் அடிக்கத் தீர்மானித்தேன். கடைக் கல்லாவில் உட்கார்ந்து நானே எழுதினேன்.

"எண்பத்தெட்டு ஆண்டுகளாக ஒரு மணி அரசாங்க அரிசி ஏறாத அடுப்பு! நம் அரிசி, நம் கஞ்சி, நம் மானம். இலவசத்துக்கு விலைபோக மாட்டோம்!"

மத்தியானச் சாப்பாட்டின்போது சொர்ணத்தாய்க்கு வாசித்துக் காட்டினேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். பிறகு, அந்த ஒரு மணி என்பதை மட்டும் எடுத்துவிடுங்களேன் என்றாள். அதுதானே நோட்டீசுக்கு உயிர், அதை எடுத்தால் என்ன மிச்சம் என்றேன். நீங்கள் எதைத்தான் கேட்டீர்கள் என்று சொல்லிவிட்டு மோர் எடுக்கப் போனாள். நாற்பது வருஷமாக நல்ல பெண்பிள்ளை. அரசியல் மட்டும் புரியாது.

ஜூலை 16, புதன்

ஐந்நூறு நோட்டீஸ். சங்கரபாண்டி பேட்டை முழுக்க ஒட்டினான். பசை மிச்சம் இருந்ததால் ரயில்வே கேட்டைத் தாண்டியும் ஒட்டச் சொன்னேன்.

ஜூலை 17, வியாழன்

நோட்டீசைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் கைகொடுத்தார்கள். அமிர்தலிங்கம் அண்ணாச்சி போனிலேயே பத்து நிமிஷம் பாராட்டினார். எங்கள் ரேஷன் கார்டு எந்தப் பொருளும் வாங்காத கார்டு. நானே எழுதிக் கொடுத்து அப்படி மாற்றினேன். பொங்கல் பரிசைக்கூடத் தொட்டதில்லை. சொல்வதைச் செய்கிறவன் பேச்சுக்கு ஊரில் இன்னும் மதிப்பு இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

ஒன்றரை மூட்டைதான் வந்தது.

லைன் வீடுகளில் கதவே திறக்கவில்லை, திறந்த வீட்டிலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றுவிட்டார்கள் என்கிறான் சங்கரபாண்டி. பேட்டை வீடுகள் வழக்கம்போல. அதாவது பேட்டை வீடுகளில் இருந்து வருவதே ஒன்றரை மூட்டைதான் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். மற்றதெல்லாம் கேட்டுக்கு அந்தப்புறத்திலிருந்து வந்திருக்கிறது.

இது பாலகுருசாமியின் வேலை. ஆள் வைத்துக் கலைத்திருக்கிறான். நாளை நேரே போய்க் கேட்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

போனேன். எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

எழுதுவேன் என்று சொல்லித்தானே ஆரம்பித்தேன். எழுதுகிறேன்.

லைன் வீடுகளில் எனக்குத் தெரிந்த முகம் பேச்சித்தாய் ஒருத்திதான். ஐம்பது வயசிருக்கும், தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறாள், பேத்தி நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சபைக்கு வந்து எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டவர்களில் முன்னால் நின்றவள். வாசலில் நாற்காலி போட்டாள். உட்காராமலே கேட்டேன், யார் உங்களைக் கலைத்தது என்று.

"யாரும் கலைக்கல அண்ணாச்சி. நோட்டீச எங்க தெருவுலயும்தான ஒட்டியிருக்கீங்க. என் பேத்தி வாசிச்சுச் சொன்னா. ஒரு மணி அரசாங்க அரிசி கிடையாதுன்னு போட்டிருக்கு. எங்க வீட்டுல அத விட்டா வேற அரிசி கிடையாது."

எனக்கு முதலில் ஏறவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆரம்பித்த நாளிலிருந்து என்றாள். கடை அரிசி வாங்கும் வீடுகளும் தெருவில் உண்டு, அதுவும் சம்பளம் வந்த வாரம் மட்டும்தான், மற்றபடி எல்லாரும் ரேஷன் அரிசிதான் பொங்குகிறோம், பொங்குகிற அரிசியில்தானே பிடி எடுக்க முடியும் என்றாள். இது எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்களாம். நோட்டீசைப் பார்த்த பிறகுதான், தெரியாமல் ஏதோ திருட்டுத்தனம் செய்துவிட்ட மாதிரி வெட்கமாகிவிட்டது என்றாள்.

கோபம் வந்தால் எனக்கு வாய் முன்னால் போய்விடும். அப்படியானால் இத்தனை வருஷமும் அரசாங்க அரிசியைத்தான் சுற்றி வளைத்து ஊற்றியிருக்கிறோம், நேராகவே அரசாங்கம் ஊற்றிவிட்டுப் போகட்டுமே, இடையில் நீங்கள் எதற்கு, நான் எதற்கு என்று கத்திவிட்டேன். அக்கம்பக்கத்து வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள்.

பேச்சித்தாய் குரலை உயர்த்தவில்லை.

"அரசாங்கம் குடுத்தது எனக்கு. உங்களுக்குக் குடுத்தது நானு. ரெண்டும் ஒண்ணா அண்ணாச்சி?"

அவள் நிறுத்தவில்லை.

"எங்க போனாலும் நான் வாங்குறவ. ரேசன் கடையில வரிசை, ஆஸ்பத்திரியில வரிசை, ஆபீசுல சம்பளத்துக்கு வரிசை. ஞாயித்துக்கிழமை ஒருநாதான் வண்டி வந்து என் வாசல்ல நிக்கும். அன்னைக்கு நான் குடுக்கிறவ. அதத்தான் நோட்டீஸ் அடிச்சு எடுத்துட்டீங்க."

வரி, இலவசம், மானம் என்று நாற்பது வருஷமாகப் பேசி வருகிறேன். நாற்காலியில் அப்போதுதான் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். கேட் சாத்தியிருந்தது. ரயில் போகும்வரை நின்று வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 23, புதன்

சொர்ணத்தாயிடம் கேட்டேன், உனக்குத் தெரியுமா என்று.

தெரியும் என்றாள். பன்னிரண்டு வருஷமாகக் கையால் அள்ளிப் புடைக்கிறேன், எது எந்த அரிசி என்று தெரியாதா என்றாள். அப்படியானால் ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொன்னால் நீங்கள் அந்தத் தெருவை நிறுத்திவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை என்றாள். அது பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

பிறகு அவளாகவே ஒன்று சொன்னாள். திங்கட்கிழமை நீங்கள் முதல் தம்ளர் குடிப்பீர்களே, அன்றைக்கு மட்டும் நம் வீட்டுப் பொன்னியையும் கலந்துவிடுவேன் என்றாள்.

கோழி இப்போதுதான் புரிகிறது. தனி ருசி என்று நான் வாராவாரம் ஜெயசீலி டீச்சரிடம் பாராட்டியது என் வீட்டுச் சிப்பத்தைத்தான். அந்த அம்மா சிரித்ததற்கும் காரணம் இதுதான் போலிருக்கிறது. ஊரில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. சரி, சிரிக்கட்டும்.

ஜூலை 24, வியாழன்

நோட்டீஸ்களைக் கிழிக்கச் சொன்னேன். பசை நல்ல பசை. வரவில்லை.

ஜூலை 25, வெள்ளி

பாலகுருசாமி கடைக்கு வந்தான். விஷயம் அவன் காதுக்கும் போய்விட்டது. சுற்றிலும் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினான். "நீங்களே சம்மதம்னு எழுதிக் குடுத்துருங்க அண்ணாச்சி. உடம்பு முடியலன்னு சொல்லிக்கிடுங்க. அரிசி விஷயத்த நான் சபையில பேசமாட்டேன். உங்க பேரு கெடக் கூடாது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் பேருக்கு இரும்புக் கடையில் பாதுகாப்புத் தேவையில்லை, சபையில் அதை நானே பேசுவேன் என்றேன். பேசினால் உங்கள் ஓட்டே போகும் என்றான். போகட்டும் என்றேன்.

போன பிறகு எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர் இன்னும் என் பக்கம்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் ஜெயிக்கலாம். பாலகுருசாமி சொன்ன வார்த்தை தவறமாட்டான். அடுப்பு எரியும், நானும் செயலாளராக இருப்பேன். ஆனால் பேச்சித்தாய் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள். வெறும் ஒன்றரை மூட்டையை வைத்துக்கொண்டு நம் அரிசி, நம் கஞ்சி என்று மறுபடி நோட்டீஸ் அடிக்கவா?

ஜூலை 27, ஞாயிறு

தோற்றேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு பேரும் வந்திருந்தார்கள். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டீசில் நான் போட்டது பொய், ஆறு மூட்டையில் நாலரை மூட்டை லைன் வீட்டு அரிசி, அது ரேஷன் அரிசி என்றேன். ஆனாலும் கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன், முன்னைக் காட்டிலும் இப்போதுதான் காரணம் இருக்கிறது என்றேன். தனக்கென்று வந்ததில் ஒரு பிடியை ஒருத்தி எடுத்து அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தால் அது அவள் சொத்து, அவள் தர்மம். இந்தக் கடிதம் அவளிடம் இனி நீ கொடுக்க வேண்டாம், வாங்கிக்கொண்டு போ என்கிறது. அரசாங்கம் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுக்கிற உரிமையை மனிதர்களிடமிருந்து எடுக்கக் கூடாது என்று பேசி முடித்தேன். என் வாழ்நாளில் இதைவிட நன்றாக நான் பேசியதில்லை.

மேஜையை யாரும் தட்டவில்லை. அமிர்தலிங்கம் அண்ணாச்சி முகம் சுண்டியிருந்தது.

"ரேசன் அரிசியையா நம்ம பிள்ளைகளுக்கு ஊத்துனோம்? அதுவும் அந்தத் தெரு வீட்டு அரிசியை?"

எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் விளங்கியது. இத்தனை நாளும் இவர் என்னோடு நின்றது நான் நின்ற காரணத்துக்காக இல்லை. நான் சொந்தக் காலில் நிற்பதைப் பற்றிப் பேசினேன், அவர் ரயில்வே கேட்டுக்கு இந்தப்புறம் அந்தப்புறம் என்பதை நினைத்துத் தட்டியிருக்கிறார்.

"உங்க பேரன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிறான் அண்ணாச்சி?" என்று கேட்டேன். பள்ளியில் நூற்றறுபது பிள்ளைகள். அதில் நம் ஆட்கள் வீட்டுப் பிள்ளை பதினாலு. இங்கே உட்கார்ந்திருக்கும் பதினொரு பேர் வீட்டிலிருந்து ஒன்றுகூட இல்லை. என் பேரனும் சென்னையில் இங்கிலீஷ் பள்ளியில்தான் படிக்கிறான், அதையும் சேர்த்தே சொன்னேன்.

அமிர்தலிங்கம் அண்ணாச்சியும் அவர் சம்பந்தியும் அந்தப் பக்கம் போனார்கள். ஆறுக்கு ஐந்து. சம்மதக் கடிதம் போகும். கையெழுத்து என்னுடையதாக இருக்காது என்று சொல்லி ராஜினாமாவை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். படி இறங்கும்போது பாலகுருசாமி என் செருப்பை எடுத்து நேராக வைத்தான். எதிரியாக இருந்தாலும் வளர்ப்பு நல்ல வளர்ப்பு.

ஜூலை 28, திங்கள்

முப்பது வருஷத்தில் கஞ்சிக்கூடத்துக்குப் போகாத முதல் திங்கட்கிழமை. கடையை எட்டு மணிக்கே திறந்தேன். வாங்க ஆளில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பள்ளி வழியாகப் போக வேண்டிய வேலை ஒன்று இருந்தது. எதிர்க் கடையில் நின்று பார்த்தேன். அதிகாரி அம்மா வந்திருந்தார், ரிப்பன் இல்லை, மைக் இல்லை, அது ஆச்சரியம். வெண்பொங்கலும் சாம்பாரும். பிள்ளைகள் இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினார்கள். அதட்டுவதற்கு யாரும் தேவைப்படவில்லை. பார்த்ததை எழுதாமல் விடுவது என் வழக்கமில்லை.

என் கருத்து மாறவில்லை. பொங்கல் நன்றாக இருப்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பேச்சித்தாய் ஆள் விட்டிருந்தாள். நோட்டீசுக்கு அப்புறமும் பெண்கள் பிடி எடுப்பதை நிறுத்தவில்லையாம், வண்டிக்குப் போடுவதைத்தான் நிறுத்தினார்களாம். அரிசி வீட்டுக்கு வீடு கிடக்கிறது, என்ன செய்வது என்று பேச வேண்டும், வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கேட்டுப் பக்கத்துப் பிள்ளையார் கோயில் முன்னால் அறுபது எழுபது பெண்கள். நானும் சொர்ணத்தாயும் போனோம்.

என் யோசனை தயாராக இருந்தது. பள்ளிக்கு நேர் எதிரே என் கிடங்கு இருக்கிறது. அங்கேயே அடுப்பு மூட்டுவோம். அவர்கள் ஒரு பக்கம் ஊற்றட்டும், நாம் ஒரு பக்கம் ஊற்றுவோம், ஊர் பார்க்கட்டும் என்றேன். சபையில் பேசியதைக் காட்டிலும் சூடாகவே பேசினேன்.

பேச்சித்தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிள்ளைகளுக்குத்தான் அங்கே வயிறு நிறைகிறதே, நிறைந்த வயிற்றில் எதற்கு ஊற்ற வேண்டும் என்றாள். பிறகு அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேன் காலை ஆறு மணிக்கு வருகிறது. ஐந்துக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு, தாங்கள் ஒன்றும் சாப்பிடாமல் ஏறுகிறார்கள். பதினொரு மணிக்கு டீ வரும்வரை பட்டினி. போன மாதம் இரண்டு பேர் மயங்கி விழுந்திருக்கிறார்கள். வேன் வரும் இடத்தில் ஐந்தரைக்கு ஒரு அண்டா கஞ்சி இருந்தால் போதும் என்றாள் ஒருத்தி. எந்த இலாகாவுக்கும் இது தெரியாது, இதற்கு ஒரு திட்டமும் வராது. எங்கள் சபைக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது என்பதை எழுதியாக வேண்டுமா? எழுதிவிட்டேன்.

வேனா, கிடங்கா, கை தூக்குங்கள் என்றாள் பேச்சித்தாய். கிடங்குக்கு என்றதும் நான் கை தூக்கினேன்.

"நீங்க தூக்கக் கூடாது அண்ணாச்சி. அரிசி போட்டவங்க மட்டுந்தான்."

முப்பது வருஷமாக மகமை கட்டுகிறேன் என்றேன். அது மூட்டைக்குக் கட்டினது, இது பிடி என்றாள். என் வீட்டில் சிப்பம் சிப்பமாகப் போயிருக்கிறது என்றேன். அது அக்கா போட்டது, அக்கா கை தூக்கலாம் என்றாள். என்றைக்காவது உங்கள் கையால் உலை வைத்து, அதில் ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. முறையைச் சொன்னாள்.

கொடுக்கிறவனுக்குத்தான் உரிமை என்று சபையில் முழங்கியவன் நான். எதை மறுத்துப் பேசுவது? கையைக் கீழே போட்டேன். சொர்ணத்தாய் வேனுக்குக் கை தூக்கினாள். என்னைப் பார்த்துக்கொண்டே தூக்கினாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஐந்து மணிக்கு எழுந்தேன். சொர்ணத்தாயை அடுப்படிக்குள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாசற்படியில் உட்கார்ந்து, தண்ணீர் அவ்வளவு வேண்டாம் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். நான் கேட்கவில்லை. அரை படி அரிசி அளந்து, களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைத்தேன். என் கை பெரிய கை, பிடியும் பெரிய பிடி. சோறு குழைந்து கூழாகிவிட்டது. இரண்டு பேரும் ஊறுகாயை வைத்துக்கொண்டு அதைத்தான் சாப்பிட்டோம். நாளைக்கும் நானே பொங்குவேன்.

வேன் யோசனை நல்ல யோசனைதான். ஆனாலும் ஐந்தரை மணிக்கு என்பது தப்பு, ஐந்தேகாலுக்கே ஊற்றினால்தான் நிதானமாகக் குடிக்க முடியும். இதை அடுத்த ஞாயிறு கூட்டத்தில் சொல்வேன். சொல்லிவிட்டுக் கை தூக்குவேன். எவள் தடுக்கிறாள் என்று பார்க்கிறேன்.